நூற்றைம்பது ஓட்டு

லண்டனில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவர், மார்கழி பிறந்தால் கச்சேரி கேட்பதற்கென்று சென்னைக்கு வந்துவிடுவார். போன தடவை வந்தபோது ஒரு சபாவின் காண்டீனில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேஜையில் நம் ஊர் அரசியல் பலமாக அடிபட்டுக் கொண்டிருந்தது. யாரோடு யார் சேருவார்கள், யாருக்கு எத்தனை தொகுதி என்று இரண்டு பெரியவர்கள் ரவா தோசையை ஆற விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள். என் சிநேகிதர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "இவர்கள் பாக்கியசாலிகள்" என்றார்.

"எதனால்?" என்று கேட்டேன்.

"இங்கே கட்சிக்காரர்களே கூடி உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஜனங்கள் பிறகு போய் ஓட்டைப் போட்டால் போதும். எங்களுக்கு அங்கே 2019ஆம் வருஷத்துத் தேர்தலில் அந்தக் கணக்கையும் ஓட்டுப் போடுகிறவனே போட வேண்டியிருந்தது. நான் போட்ட கணக்கு தப்பிப் போயிற்று. ஐரோப்பாவுக்காக ஓட்டுப் போட்டேன். அது ஐரோப்பாவுக்கு விரோதமாகப் போய்ச் சேர்ந்தது."

"உன் ஒரு ஓட்டுக்கு அவ்வளவு சக்தியா?"

"வித்தியாசம் 628. அந்த 628 பேரில் நானும் ஒருவன் என்று வைத்துக் கொள்ளேன்" என்றார் அவர்.

பிறகு அவர் சொன்ன கதையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அது அவர் ஒருவருடைய கதையாக மட்டும் நிற்கவில்லை.

அவர் இருப்பது விம்பிள்டனில், டென்னிஸ் பந்தயத்துக்குப் பெயர் போன அதே விம்பிள்டன். இன்றைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் பிரிட்டிஷ் பார்லிமெண்டுத் தேர்தலில் அவருக்கு ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுப் பிரஜை முறைப்படி அங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். அவருக்கு அடுத்த வீட்டில் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மாள் இருந்தாள். குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பது அவள் ஜீவனம். என் சிநேகிதருக்கு முன்பிருந்தே அந்தத் தெருவில் இருப்பவள், வரி கட்டுகிறவள். ஆனால் அவளுக்கு ஓட்டு இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று 2016ஆம் வருஷம் ஜூன் மாதம் 23ந் தேதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பிலும் இதே விசித்திரம்தான். சென்னைக்காரருக்கு ஓட்டு இருந்தது, இத்தாலிக்காரிக்கு இல்லை. விலகலாம் என்றவர்கள் நூற்றுக்கு 51.9, இருக்கலாம் என்றவர்கள் 48.1. யாருடைய வாழ்க்கை அந்த முடிவினால் நேராக மாறப் போகிறதோ, அவர்களில் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

2019ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 12ந் தேதி பொதுத் தேர்தல் என்று முடிவானதும் அந்த அம்மாள் ஒரு நாள் சாயந்திரம் இவர் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்கள் போடும்போது எனக்காகவும் சேர்த்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் அந்தத் தேர்தல் முறையில் இருக்கிறது. பிரிட்டனிலும் நம் நாட்டில் இருப்பது போலத்தான்: ஒரு தொகுதியில் யாருக்கு மற்றவர்களைவிட ஒரு ஓட்டு அதிகமோ அவர் ஜெயித்தவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நம் முறையே அங்கிருந்து வந்ததுதானே! ஒரு கொள்கைக்காரர்கள் ஒரே அபேட்சகரை நிறுத்தி, எதிர்க் கொள்கைக்காரர்கள் இரண்டு மூன்று பேரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது நம் கிராமத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியும். அதனால்தான் நம் கட்சிகள் தேர்தலுக்கு முன் இரவு பகலாகத் தொகுதிப் பங்கீடு பேசுகின்றன. இங்கிலீஷ்காரர்களுக்கு அந்தப் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. எல்லாக் கட்சியும் எல்லா இடத்திலும் நிற்பதே அவர்களுக்குக் கௌரவம். ஆகவே அங்கே ஓட்டர் தாமே ஒரு காரியம் செய்ய வேண்டியிருக்கிறது. தமக்குப் பிடித்த அபேட்சகர் ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தால், தாம் வெறுக்கிறவரைத் தோற்கடிக்கக்கூடிய வேறொருவருக்கு, அவரைப் பிடிக்காவிட்டாலும், ஓட்டைப் போட்டுவிட வேண்டும். இதைத் தந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தந்திரம் என்றால் யாரையோ ஏமாற்றுவது போல இருக்கிறது. யுக்தி ஓட்டு என்று சொல்லலாம். இதில் ஏமாறுகிறவர் யாராவது உண்டென்றால் அது போடுகிறவரின் சொந்த மனசுதான்.

இதே ஐரோப்பாவின் பெயரால் 1938ஆம் வருஷத்திலேயே ஆக்ஸ்போர்டில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் பிரதம மந்திரி சேம்பர்லின் மியூனிக் நகரத்தில் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்து கொண்டு வந்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு துண்டைக் கொடுத்துச் சமாதானத்தை வாங்கிய உடன்படிக்கை அது. அடுத்த மாதம் 27ந் தேதி ஆக்ஸ்போர்டில் ஓர் உபதேர்தல். கன்ஸர்வேடிவ் அபேட்சகர் குவின்டின் ஹாக் மியூனிக்கை ஆதரித்தவர். அவருக்கு எதிராக லிபரல் கட்சியும் தொழிற்கட்சியும் ஏற்கெனவே ஆளுக்கு ஒருவரை நிறுத்தியிருந்தன. கடைசியில் இரண்டு பேரும் விலகிக் கொண்டார்கள். தொழிற்கட்சி அபேட்சகர் மனசில்லாமல்தான் விலகினார். இரண்டு கட்சிக்கும் பொதுவாக, பேலியல் கல்லூரித் தலைவர் லிண்ட்ஸே சுயேச்சையாக நின்றார். இந்த லிண்ட்ஸே நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. 1931ல் காந்திஜி வட்டமேஜை மகாநாட்டுக்குப் போயிருந்தபோது ஆக்ஸ்போர்டில் தங்கியது இவருடைய வீட்டில்தான்.

அந்தத் தேர்தலில் லிண்ட்ஸே தோற்றார். ஹாக் 15,797 ஓட்டும் லிண்ட்ஸே 12,363 ஓட்டும் வாங்கினார்கள். முந்தைய தேர்தலில் கன்ஸர்வேடிவ் கட்சிக்கு இருந்த வித்தியாசம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது; அவ்வளவுதான் பலன். ஆனால் என் கவனத்தைக் கவர்ந்தது முடிவு அல்ல. லிண்ட்ஸேக்காக வேலை செய்தவர்கள் யார் என்பதுதான். ஹரால்டு மாக்மில்லன் கன்ஸர்வேடிவ் பார்லிமெண்டு மெம்பர். தம் சொந்தக் கட்சி அபேட்சகருக்கு எதிராக லிண்ட்ஸேயை ஆதரித்தார். பேலியல் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த எட்வர்டு ஹீத் கன்ஸர்வேடிவ் மாணவர்களில் முன்னணியில் நின்றவர். அவரும் லிண்ட்ஸே பக்கம் போனார். இரண்டு பேரும் பிற்காலத்தில் பிரதம மந்திரியானார்கள். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேருவதற்கு 1961ல் முதல் மனுப் போட்டவர் மாக்மில்லன். 1973ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி பிரிட்டனைக் கொண்டு போய்ச் சேர்த்தவர் ஹீத்.

சேருவதற்கு முன் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு நடந்த தேதி 1971 அக்டோபர் 28. ஆக்ஸ்போர்டு தேர்தல் நடந்து முப்பத்து மூன்று வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தன. கதை எழுதுகிறவன் இப்படி ஒரு தேதியைப் பொருத்தினால், 'செயற்கையாக இருக்கிறது' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அன்று தொழிற்கட்சியின் உதவித் தலைவர் ராய் ஜென்கின்ஸ் தலைமையில் 69 தொழிற்கட்சி மெம்பர்கள், கட்சிக் கட்டளையை மீறி, ஹீத்தின் சர்க்காருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 356க்கு 244 என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த 69 பேர் இல்லாவிட்டால் ஹீத்தின் கனவு அன்றே முடிந்திருக்கும். ஏனென்றால் அவருடைய சொந்தக் கட்சியிலேயே 39 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

இந்தப் பழைய கதைகளில் நான் காண்பது ஒன்றுதான். எல்லையை முதலில் தாண்டியவர்கள் பெரிய மனிதர்கள். பதவியையும் பெயரையும் பணயம் வைத்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தாண்டினார்கள். அதைப் பார்த்துச் சாதாரண மனிதனும் தாண்டலாம் என்று ஆயிற்று. 2019ல் இந்த ஒழுங்கு தலைகீழாகப் போய்விட்டது. தலைவர்கள் தங்கள் இடத்தில் அசையாமல் நின்று கொண்டு, ஓட்டரை மட்டும் தனியாக, திரைக்குப் பின்னால் தாண்டிப் போகச் சொன்னார்கள்.

நடுவே கற்றுக் கொள்வதற்குப் பாடங்கள் இல்லாமலும் இல்லை. ஜென்கின்ஸ் முதலானவர்கள் தொழிற்கட்சியை விட்டுப் பிரிந்து, லிபரல்களுடன் சேர்ந்து 1983ல் நின்றபோது நூற்றுக்கு 25.4 ஓட்டு வாங்கினார்கள். கிடைத்த இடங்கள் 23. தொழிற்கட்சி 27.6 வாங்கியது, கிடைத்த இடங்கள் 209! இந்தக் கணக்கை நான் முதல் தடவை படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

வாக்கெடுப்புக்குப் பிறகு நடந்ததில் ரிச்மண்ட் பார்க் என்ற தொகுதியின் கதை ரசமானது. தேம்ஸ் நதிக்கரையில், வசதியுள்ளவர்கள் குடியிருக்கும் இடம். கன்ஸர்வேடிவ் மெம்பர் ஸாக் கோல்ட்ஸ்மித் விமான நிலைய விஸ்தரிப்பை எதிர்த்து ராஜிநாமா செய்துவிட்டு, 2016 டிசம்பரில் சுயேச்சையாக நின்றார். அவர் பிரிட்டன் விலக வேண்டும் என்ற கட்சி. தொகுதியோ பெரும்பாலும் ஐரோப்பாவோடு இருக்க விரும்பிய தொகுதி. பசுமைக் கட்சி ஒதுங்கிக் கொண்டது. லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஸாரா ஆல்னி என்ற அம்மாள் 1,872 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆறு மாதம் கழித்து, 2017 பொதுத் தேர்தலில், அதே கோல்ட்ஸ்மித் அதே அம்மாளை 45 ஓட்டில் தோற்கடித்தார். 2019ல் மறுபடியும் இரண்டு பேரும் மோதினார்கள். இந்தத் தடவை அந்த அம்மாளுக்கு 7,766 ஓட்டு அதிகம். மூன்று வருஷத்தில் மூன்று தடவை ஒரே ஜோடி. இங்கே குழப்பம் கிடையாது. யாரை எதிர்க்க யாருக்குப் போட வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். யுக்தி ஓட்டு நன்றாக வேலை செய்வதற்கு அதுதான் தேவை.

2019 ஆகஸ்டு முதல் தேதி வேல்ஸ் நாட்டில் பிரெக்கன் தொகுதியிலும் அப்படித்தான். பசுமைக் கட்சியும் வேல்ஸ் தேசியக் கட்சியும் விலகி நிற்க, லிபரல் டெமாக்ரட் அபேட்சகர் 1,425 ஓட்டில் ஜெயித்தார். போரிஸ் ஜான்ஸன் பிரதம மந்திரியாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 'ஆஹா, வழி கண்டுவிட்டோம்' என்று ஐரோப்பியப் பிரியர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நவம்பரில் இந்த மூன்று கட்சிகளும் 60 தொகுதிகளில் ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுப்பதாக உடன்படிக்கை செய்து கொண்டன. ஆனால் தொழிற்கட்சி அதில் சேரவில்லை. யானை வராத திருவிழா!

தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின், புதிய ஒப்பந்தம் பேசி அதை மறுபடியும் ஜனங்கள் முன் வைப்போம், அந்த வாக்கெடுப்பில் தாம் நடுநிலை வகிப்போம் என்றார். லிபரல் டெமாக்ரட் தலைவி ஜோ ஸ்வின்ஸன், தங்களுக்கு மெஜாரிட்டி கிடைத்தால் வாக்கெடுப்பே வேண்டாம், விலகலையே ரத்துச் செய்துவிடுவோம் என்றார். கார்பினைப் பிரதம மந்திரியாக்க மாட்டோம் என்றும் சொன்னார். ஐரோப்பாவை விரும்பும் கன்ஸர்வேடிவ் ஓட்டருக்குக் கார்பின் என்றால் கிலி. ஐரோப்பாவை விரும்பும் தொழிலாளிக்கு லிபரல்கள் என்றால் 2010ல் கன்ஸர்வேடிவ் கட்சியோடு மந்திரிசபையில் சேர்ந்து ஐந்து வருஷம் இருந்தவர்கள் என்ற கசப்பு. இருவரும் ஒரே கரைக்குப் போக வேண்டியவர்கள். ஆனால் ஒரே படகில் ஏற மாட்டார்கள்.

எதிர்ப் பக்கத்தில் காரியம் ஒரே நாளில் முடிந்தது. நவம்பர் 11ந் தேதி, பிரெக்ஸிட் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ், முந்தைய தேர்தலில் கன்ஸர்வேடிவ் கட்சி ஜெயித்த 317 தொகுதிகளிலும் தம் கட்சி நிற்காது என்று அறிவித்துவிட்டார். அவர் ஓட்டர்களை எந்தக் கணக்கும் போடச் சொல்லவில்லை. கணக்கைத் தாமே போட்டுவிட்டார். அவர் கொள்கை எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த ஒரு நாள் வேலையில் அவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கு மறுநாளே கான்டர்பரியில் ஒரு சம்பவம். அங்கே ஏறக்குறைய நூறு வருஷம் கன்ஸர்வேடிவ் கட்சி வைத்திருந்த இடத்தை 2017ல் தொழிற்கட்சியின் ரோஸி டஃபீல்டு 187 ஓட்டில் பிடித்திருந்தார். அவரும் ஐரோப்பாவுக்கு ஆதரவானவர். லிபரல் டெமாக்ரட் கட்சி அவருக்கு எதிராக டிம் வாக்கர் என்ற பத்திரிகையாளரை நிறுத்தியது. ஓட்டைப் பிரித்துக் கன்ஸர்வேடிவுக்குக் கொடுக்கும் பாவம் தமக்கு வேண்டாம் என்று அவர் தாமாகவே விலகிக் கொண்டார். ஆக்ஸ்போர்டில் 1938ல் நடந்தது போலத்தான். ஆனால் கட்சி என்ன செய்தது தெரியுமா? உடனே வேறொரு அபேட்சகரை அங்கே நிறுத்தியது! நல்ல வேளையாக ஜனங்கள் கட்சியைவிட வாக்கரையே அதிகமாகக் கேட்டார்கள். டஃபீல்டு 1,836 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்; புதிய லிபரல் அபேட்சகர் வாங்கியது 3,408. முதலில் ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரிய விட்டுக் கொடுத்தான். பின்னால் ஜனங்கள் விட்டுக் கொடுத்தார்கள்.

மற்ற இடங்களில் அப்படி வழி காட்ட ஆள் இல்லை. அதற்குப் பதிலாக இணையதளங்கள் முளைத்தன. உங்கள் ஊரின் தபால் எண்ணைக் கொடுத்தால், ஐரோப்பாவுக்காக யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லும். சர்க்காரை இரண்டு தடவை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்த ஜீனா மில்லர் அம்மாள் ஒன்று நடத்தினார். 'பெஸ்ட் ஃபார் பிரிட்டன்' என்ற ஸ்தாபனம் ஒன்று நடத்தியது. இன்னும் சிலவும் இருந்தன. சில தொகுதிகளில் ஒன்று 'தொழிற்கட்சி' என்றது. மற்றொன்று 'லிபரல்' என்றது. இரண்டு ஜோசியர்களிடம் ஒரே ஜாதகத்தைக் காட்டினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. இது போதாதென்று, கட்சிகளே வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் போட்டன. அதில் உயரமும் குட்டையுமாக வர்ணக் கட்டங்கள் வரைந்து, 'இங்கே எங்களால்தான் முடியும்' என்று நிரூபித்திருப்பார்கள். லிபரல் கட்சியின் கட்டங்கள் இந்த விஷயத்தில் அந்த நாட்டில் ஒரு நிரந்தர ஹாஸ்யம்.

முகம் தெரியாத ஒருவரோடு ஓட்டைப் பண்டமாற்றுச் செய்து கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. 'என் ஊரில் உன் கட்சிக்கு நான் போடுகிறேன். உன் ஊரில் என் கட்சிக்கு நீ போடு' என்று ஒப்பந்தம். 1872லிருந்து அங்கே ரகசிய ஓட்டு. மற்றவர் வாக்கைக் காப்பாற்றினாரா என்று தெரிந்து கொள்ள வழியே கிடையாது. ஆனாலும் ஜனங்கள் நம்பிக்கையின்மேல் செய்தார்கள். ஒரு நாவலுக்கு இது போதுமான கரு.

என் சிநேகிதர் எந்த இணையதளத்தையும் நம்பவில்லை. அவர் கணக்கு உத்தியோகஸ்தர். பழைய ரிக்கார்டைத்தான் பார்த்தார். 2017ல் விம்பிள்டனில் கன்ஸர்வேடிவ் 23,946, தொழிற்கட்சி 18,324, லிபரல் டெமாக்ரட் 7,472. இதில் சந்தேகத்துக்கு இடம் எங்கே? கன்ஸர்வேடிவைத் தோற்கடிக்கக்கூடியது தொழிற்கட்சி. அதோடு அவர் அந்த ஊருக்குப் போன நாளாகத் தொழிற்கட்சிக்குத்தான் போட்டு வந்திருக்கிறார். மனசும் கணக்கும் ஒரே பக்கம் காட்டின. இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

ஆனால் 2017ன் படம் 2019ல் செல்லாது என்பதை அவர் கவனிக்கவில்லை. 2019 மே மாதத்தில் நடந்த ஐரோப்பியப் பார்லிமெண்டுத் தேர்தலில் லிபரல்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறக்குறைய 20 ஓட்டு வாங்கி, தொழிற்கட்சியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் வட்டாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 63 பேர் ஐரோப்பாவோடு இருக்க ஓட்டுப் போட்டவர்கள். அங்கே காற்று திரும்பிவிட்டது. இன்னொரு சிக்கலும் இருந்தது. விம்பிள்டன் கன்ஸர்வேடிவ் மெம்பர் ஸ்டீபன் ஹாம்மண்டே, ஒப்பந்தமில்லாமல் விலகுவதை எதிர்த்ததற்காக அந்த செப்டம்பரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட 21 பேரில் ஒருவர். பிறகு திரும்பச் சேர்த்துக் கொள்ளப்பட்டவர். பாதி ஐரோப்பியப் பிரியர் என்றுகூட அவரை நினைத்தவர்கள் இருந்திருக்கலாம்.

எண்ணி முடித்தபோது, ஹாம்மண்டு 20,373, லிபரல் டெமாக்ரட் பால் கோலர் 19,745, தொழிற்கட்சி 12,543. வித்தியாசம் 628. என் சிநேகிதர் அந்த 12,543 பேரில் ஒருவர்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் கென்ஸிங்டன். அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர். கண்ணாடியில் பார்த்தது போல. 2017ல் தொழிற்கட்சியின் எம்மா டென்ட் கோட் அம்மாள் வெறும் 20 ஓட்டில் ஜெயித்திருந்தார். 2019ல் லிபரல் டெமாக்ரட் கட்சி ஸாம் ஜீமாவை அங்கே கொண்டு வந்து நிறுத்தியது. அவர் கன்ஸர்வேடிவ் சர்க்காரில் மந்திரியாக இருந்து, ஐரோப்பா விஷயத்தில் கட்சி மாறி வந்தவர். முடிவு: கன்ஸர்வேடிவ் 16,768, தொழிற்கட்சி 16,618, லிபரல் 9,312. வித்தியாசம் 150! நூற்றுக்கு 68 பேருக்கு மேல் ஐரோப்பாவோடு இருக்க விரும்பிய வட்டாரம், பிரெக்ஸிட்டை முடிப்போம் என்ற கட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. நூற்றைம்பது பேர் என்றால் எத்தனை பேர்? நம் கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குக் காணாது.

மறுநாளே அந்த 9,312 பேரையும் பலர் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அப்படித் திட்டத் தோன்றவில்லை. கென்ஸிங்டனில்தான் கிரென்ஃபெல் என்ற அடுக்கு மாடிக் கட்டடம் இருந்தது. 2017 ஜூன் 14ந் தேதி, அந்தத் தேர்தல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அது தீப்பற்றி எரிந்து 72 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்தின் நிழலில் வசித்த ஏழைகளுக்கு 2019 தேர்தல் ஐரோப்பாவைப் பற்றியதாகத்தானா தோன்றியிருக்கும்? அதே தொகுதியின் மறு கோடியில், கார்பின் வந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்த பணக்காரர்களுக்கும் அது ஐரோப்பாவைப் பற்றியது மட்டும் அல்ல. பல வருஷம் கன்ஸர்வேடிவுக்கே போட்டு வந்தவர், ஐரோப்பாவுக்காக லிபரல் வரைக்கும் வந்தார் என்றால் அவர் ஏற்கெனவே பாதி தூரம் நடந்து வந்தவர். 'இன்னும் கொஞ்ச தூரம் நட' என்று அவரிடம் கணக்கைக் காட்டிச் சொல்லலாம். அவர் மறுத்தால் முட்டாள் என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் கட்சியின் தலைவியே கார்பினைப் பிரதம மந்திரியாக்க மாட்டோம் என்று சொன்ன பிறகு?

அந்தத் தலைவிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் கிழக்கு டன்பார்ட்டன்ஷயர் தொகுதியில் ஜோ ஸ்வின்ஸன் தோற்றார். ஜெயித்தது ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி. அதுவும் ஐரோப்பாவின் பக்கம் நிற்கும் கட்சியே. அங்கே ஐரோப்பா ஒரு பக்கமும் ஸ்காட்லாந்தின் சுதந்திரம் மறு பக்கமும் இழுத்தன. வித்தியாசம் 149 ஓட்டு. கென்ஸிங்டனுக்கு ஒன்று குறைவு.

நாடு முழுவதும் எடுத்துக் கொண்டால் கன்ஸர்வேடிவ் கட்சி நூற்றுக்கு 43.6 ஓட்டு வாங்கி 365 இடங்களைப் பிடித்தது; மெஜாரிட்டி 80. இரண்டாவது வாக்கெடுப்பையோ, விலகலை ரத்துச் செய்வதையோ ஆதரித்த தேசியக் கட்சிகள், பசுமைக் கட்சி, லிபரல், தொழிற்கட்சி எல்லாவற்றின் ஓட்டையும் கூட்டினால் பாதிக்குச் சற்று மேலே வருகிறது. லிபரல்கள் 2017ல் 7.4 வாங்கி 12 இடம் பெற்றிருந்தார்கள், 2019ல் 11.6 வாங்கி 11 இடம் பெற்றார்கள். ஓட்டு ஏறியது, இடம் இறங்கியது. 60 தொகுதி உடன்படிக்கையில் தேறியது 9. ஆகஸ்டில் ஜெயித்த பிரெக்கனும் டிசம்பரில் கைவிட்டுப் போயிற்று.

எல்லோரும் சரியாக யுக்தி ஓட்டுப் போட்டிருந்தால் ஜான்ஸன் தோற்றிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். தொழிற்கட்சியின் பரம்பரைக் கோட்டைகள் வடக்கே இடிந்தன. போல்ஸோவரில் 1970லிருந்து அசைக்க முடியாமல் இருந்த டென்னிஸ் ஸ்கின்னரே விழுந்தார். அந்த ஊர்க்காரர்கள் பிரிட்டன் விலக வேண்டும் என்றவர்கள். அவர்களுடைய ஓட்டை விம்பிள்டன் கணக்கு எதுவும் திருப்பியிருக்க முடியாது. தொழிற்கட்சித் தலைவர்கள் லிபரல்களோடு பகிரங்கமாகக் கை கோத்திருந்தால், அந்த ஊர்களில் இன்னும் மோசமாகப் போயிருக்கும் என்று அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 80 என்ற மெஜாரிட்டி கொஞ்சம் இளைத்திருக்கும். அப்படி இளைத்திருந்தால் பின்னால் பேசிய வியாபார ஒப்பந்தத்தில் யாருடைய குரலுக்காவது மதிப்பு இருந்திருக்கும். பிரிட்டன் 2020 ஜனவரி 31ந் தேதி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது.

நான்கரை வருஷம் கழித்து, 2024 ஜூலை 4ந் தேதி, ஜனங்கள் யுக்தி ஓட்டை எந்த உடன்படிக்கையும் இல்லாமல் கச்சிதமாகப் போட்டார்கள். லிபரல்கள் வாங்கிய ஓட்டு 12.2, அதாவது 2019ஐவிட அரை சதவிகிதம்தான் கூட. இடங்கள் 11லிருந்து 72க்குத் தாவின! இந்தத் தடவை வலதுசாரி ஓட்டு இரண்டாகப் பிரிந்ததும் ஒரு காரணம்; ஃபராஜின் கட்சி கன்ஸர்வேடிவ் தொகுதிகளிலும் நின்றது. தொழிற்கட்சி நூற்றுக்கு 33.7 ஓட்டில் 411 இடம் பெற்றது. ஆனால் அப்போது ஐரோப்பாவைப் பற்றிப் பேசப் பெரிய கட்சிகள் அவ்வளவாக வாயைத் திறக்கவில்லை. பொதுச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் திரும்பப் போக மாட்டோம் என்று தொழிற்கட்சியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தேர்தலில் நின்றது. கதவு சாத்திய பிறகு சாவி கிடைத்தது.

விம்பிள்டனில் அந்தத் தடவை பால் கோலர் ஜெயித்தார். என் சிநேகிதரும் அவருக்குத்தான் போட்டாராம்.

"அந்த இத்தாலி அம்மாளுக்குச் சந்தோஷமா?" என்று கேட்டேன்.

"அவள் 2021லேயே ஊருக்குப் போய்விட்டாள். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். என் ஓட்டினால் போகவில்லை, எனக்குத் தெரியும்."

"2019ல் யாருக்குப் போட்டாய் என்று அவளிடம் சொன்னாயா?"

அவர் டபராவில் காப்பியை ஊற்றி ஆற்றிக் கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"எண்ணி முடித்த மறுநாள் காலையில் வாசலில் நின்றிருந்தாள். 'போட்டீர்களா?' என்று கேட்டாள். 'போட்டேன்' என்றேன். அவள் தாங்க்ஸ் சொன்னாள்."

உள்ளே மணி அடித்தார்கள். நாலு மணிக் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது என்று எழுந்தோம்.